பாதாளக் கிணறும் பறந்து போன ஊரும்!

குழந்தைகளே! உங்கள் பள்ளிக்கூடத்தில் மொத்தம் எத்தனை பேர் படிக்கிறீர்கள்? ஆயிரம்? இரண்டாயிரம்? நகரத்துப் பெரிய பள்ளி என்றால் மூவாயிரம் கூட இருக்கலாம்.

ஒரு மாவட்டம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் 2,500 பேர் கூடத் தேறவில்லை என்றால் நம்புவீர்களா? அப்படி ஓர் இடம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஓர் ஊர் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. பிறகு அதே இடத்தில் மறுபடியும் எழுந்து நின்றது. அந்த இடத்தின் பெயர் கயோவா கவுண்டி. வாருங்கள், சுற்றிப் பார்த்து விட்டு வரலாம்!

கவுண்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தையும் பல பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் கவுண்டி என்று பெயர். நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஆனால், ஒரு வித்தியாசம். நம் மாவட்டத்துக்கு அரசாங்கம் கலெக்டரை அனுப்புகிறது. கயோவா கவுண்டியிலோ நிர்வாகம் செய்யும் ஆணையர்களையும், ஷெரிப் எனப்படும் காவல் தலைவரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அமெரிக்க வரைபடத்தை எடுத்து, நட்ட நடுவில் விரலை வையுங்கள். கான்சஸ் மாநிலம் வரும். அந்த மாநிலத்தின் தெற்குப் பக்கத்தில், விச்சிட்டா நகரத்திலிருந்து மேற்கே சுமார் 175 கி.மீ. போனால் கயோவா கவுண்டி.

இதன் பரப்பளவு சுமார் 1,870 சதுர கி.மீ. அதாவது, சென்னை மாவட்டத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல்! ஆனால், 2020ல் எடுத்த கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 2,460 பேர்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சதுர கி.மீட்டருக்கு ஒன்றரை ஆள்கூட முழுசாக வராது. ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகவே கார் வேண்டும்.

ஊர்கள் என்று பார்த்தால் மூன்றே மூன்று. தலைநகரம் கிரீன்ஸ்பர்க், கிழக்கே ஹாவிலண்ட், மேற்கே மல்லின்வில். மற்றதெல்லாம் கோதுமை வயலும், புல்வெளியும், மாட்டுப் பண்ணையும்தான். நாலா பக்கமும் தரை தட்டையாக இருப்பதால், வானம் மிகப் பெரிதாகத் தெரியும். தானியத்தைச் சேமிக்கும் உயரமான கோபுரங்கள்தான் தூரத்திலிருந்து ஊரை அடையாளம் காட்டும்.

பெயர் தந்தவர்கள் எங்கே?

கயோவா என்பது ஒரு செவ்விந்தியப் பழங்குடியினரின் பெயர். காட்டெருமைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, இந்தப் புல்வெளிகளில் குதிரையில் சுற்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரர்கள் குடியேற வந்தபோது இடத்துக்குப் போட்டி வந்தது. 1867ல், பக்கத்துக் கவுண்டியில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. அதன்படி கயோவா மக்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா மாநிலப் பகுதிக்குப் போக வேண்டியதாயிற்று. இன்றும் கயோவா இனத்தாரின் தலைமையிடம் ஓக்லஹோமாவில்தான் இருக்கிறது.

ஆக, கவுண்டிக்குப் பெயர் தந்தவர்களுக்கு அந்தக் கவுண்டியில் இடம் இல்லாமல் போய் விட்டது. இது கொஞ்சம் வருத்தமான விஷயம்தான். ஆனாலும், தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம்.

கையாலேயே தோண்டிய கிணறு

1880களில் இங்கே குடியேறியவர்களுக்கு நிலம் கிடைத்தது. தண்ணீர்? அதற்குத்தான் திண்டாட்டம். பெரிய ஆறு கிடையாது. மழையையும் நம்ப முடியாது. அப்போது ரயில் பாதைகளும் வந்து கொண்டிருந்தன. அந்தக் காலத்து ரயில் நீராவியில் ஓடியதால், ரயிலுக்கும் தண்ணீர் தேவைப்பட்டது.

'சரி, தோண்டு கிணற்றை!' என்று முடிவு செய்தார்கள். 1887ல் வேலை தொடங்கியது. இயந்திரம் எதுவும் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, கப்பி, கயிறு... இவ்வளவுதான். தோண்டிய மண்ணை மேலே இழுப்பார்கள். பல மைல் தூரத்திலிருந்து குதிரை வண்டிகளில் கல் கொண்டு வந்து, உள்ளே சுற்றுச்சுவர் எழுப்புவார்கள்.

1888ல் கிணறு தயார். ஆழம் 109 அடி. அகலம் 32 அடி. பத்து மாடிக் கட்டடம் ஒன்றைத் தலைகீழாக உள்ளே இறக்கலாம்! 'கையால் தோண்டிய கிணறுகளில் உலகிலேயே பெரியது எங்களுடையதுதான்' என்று கிரீன்ஸ்பர்க் மக்கள் பெருமையாகச் சொல்வார்கள். 'பிக் வெல்', அதாவது 'பெரிய கிணறு' என்றே அதற்குப் பெயர். 1932 வரை ஊர் முழுக்க இந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. 1939 முதல் சுற்றுலாப் பயணிகள் படியிறங்கிப் பார்க்கும் இடமாகி விட்டது.

கறுப்புக் கல் சேர்த்த எலிசா

இந்தக் கவுண்டியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வயலில் ஏர் ஓட்டும்போது, அடிக்கடி 'டங்' என்று ஏதோ இடிக்கும். தோண்டிப் பார்த்தால் கறுப்பாக, கனமான ஒரு கல் இருக்கும். வைக்கோல் பறக்காமல் இருக்க மேலே பாரம் வைக்கவும், பீப்பாய் மூடியை அழுத்தி வைக்கவும் விவசாயிகள் இந்தக் கற்களைப் பயன்படுத்தினார்கள்.

எலிசா கிம்பர்லி என்ற விவசாயக் குடும்பத்துப் பெண்மணிக்கு மட்டும் சந்தேகம். சின்ன வயதில் அயோவா மாநிலத்தில் வசித்தபோது, அவர் ஒரு விண்கல்லைப் பார்த்திருந்தார். 'இதுவும் அது மாதிரிதானே இருக்கிறது?' என்று தோன்றியது. கற்களைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார். 'பாவம், கல்லைப் போய்ச் சேர்க்கிறாளே' என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். வீட்டிலும் கேலிதான். அவர் அசரவில்லை. அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கொண்டே இருந்தார்.

1890ல் ஒரு வழியாகப் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். அசந்து போனார்! எல்லாம் வானத்திலிருந்து விழுந்த விண்கற்கள். அதிலும் அபூர்வமான வகை. அறுத்துப் பார்த்தால், இரும்புக்கு நடுவே மஞ்சளும் பச்சையுமாகப் படிகங்கள் கண்ணாடி போல மின்னும். பேராசிரியர் கற்களைக் காசு கொடுத்து வாங்கினார். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2005ல் கூட, இதே பகுதியில் சுமார் 650 கிலோ எடையுள்ள விண்கல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள்.

ஒருவரே பல வேலை!

இங்கே விவசாயிகள் முக்கியமாகப் பயிரிடுவது குளிர்காலக் கோதுமை. செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். முளைத்த பயிர், பனிக்காலம் முழுவதும் தூங்குவது போல இருக்கும். வெயில் வந்ததும் விறுவிறுவென வளர்ந்து, ஜூன் மாதத்தில் அறுவடைக்குத் தயாராகி விடும். முன்பு ஊரே சேர்ந்து அறுத்த வயலை, இப்போது ராட்சத இயந்திரம் ஒன்று சீக்கிரமே அறுத்து முடித்து விடுகிறது. வேலைக்கு ஆள் தேவை குறைந்ததால், இளைஞர்கள் நகரங்களுக்குப் போக ஆரம்பித்தார்கள். கவுண்டியில் ஆட்கள் குறைந்து கொண்டே வந்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

ஆள் குறைவு என்றால் என்ன ஆகும்? ஒருவரே பல வேலை செய்ய வேண்டியிருக்கும்! இது போன்ற கிராமப்புறக் கவுண்டிகளில் தீயணைப்பு வீரர்கள் பலரும் தொண்டர்கள்தான். வயலில் டிராக்டர் ஓட்டிக் கொண்டிருப்பவர், தீ என்று தகவல் வந்தால், அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்.

பிள்ளைகளுக்கும் சும்மா இருக்க முடியாது. 'ஃபோர் எச்' என்று ஒரு மாணவர் அமைப்பு இருக்கிறது. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்கும் ஆங்கிலத்தில் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் இந்தப் பெயர். இதில் சேரும் சிறுவர், சிறுமியர் ஆளுக்கொரு கன்றுக்குட்டியோ, ஆட்டுக்குட்டியோ, பன்றிக்குட்டியோ வளர்ப்பார்கள். தீனி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்க வேண்டும். கோடையில் கவுண்டிப் பொருட்காட்சி நடக்கும். அங்கே வளர்த்த பிராணியை நடத்திக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். நன்றாக வளர்த்தவருக்குப் பரிசு! சமையல், தையல், தோட்டக்கலை என்று மற்றப் போட்டிகளும் உண்டு.

விளையாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு அணியில் 11 பேர் வேண்டும். சின்னப் பள்ளிக்கூடங்களில் அத்தனை பேருக்கு எங்கே போவது? அதனால், கான்சஸ் மாநிலத்துச் சிறிய பள்ளிகள் எட்டு எட்டுப் பேராக விளையாடுகின்றன. பார்ப்பதற்கு மட்டும் ஊரே வந்து விடும்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு

2007ம் ஆண்டு, மே 4ம் தேதி. வெள்ளிக்கிழமை.

கான்சஸ் பகுதியில், வசந்த காலத்தில் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வரும். மேற்கே மலைப் பக்கமிருந்து வறண்ட காற்று வரும். இரண்டும் மோதும்போது, பிரமாண்டமான இடி மேகங்கள் உருவாகும். உயரே செல்லச் செல்லக் காற்றின் வேகமும் திசையும் மாறினால், மேகமே பம்பரம் போல சுழல ஆரம்பிக்கும். சில சமயம் அந்தச் சுழல் தரை வரை இறங்கி விடும். அதுதான் 'டொர்னாடோ' எனப்படும் சுழற்காற்று. நம் ஊர்ப் புயல் மாதிரி நாள் கணக்கில் இருக்காது. வந்து, துவம்சம் செய்து விட்டு, சில நிமிடங்களில் ஊரைக் கடந்து விடும்.

அன்று இரவு வந்தது சாதாரணச் சுழற்காற்று அல்ல. அதன் அகலம் மட்டும் 2.7 கி.மீ! கிரீன்ஸ்பர்க் ஊரை விட அகலம். காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 330 கி.மீ. இருந்ததாகக் கணக்கிட்டார்கள். வானிலை அலுவலகம் அவசர எச்சரிக்கை விடுத்தது. சுமார் 20 நிமிடங்களுக்கு முன்பே அபாயச் சங்கு ஊதியது. மக்கள் வீட்டுக்குக் கீழே இருந்த நிலவறைகளுக்குள் ஓடி ஒளிந்தார்கள்.

இரவு 9.45 மணி வாக்கில் சுழற்காற்று ஊரை மிதித்துக் கொண்டு போனது.

மக்கள் மெல்ல வெளியே வந்து பார்த்தபோது, தலைக்கு மேல் வீடு இல்லை. ஊரில் நூற்றுக்கு 95 பங்கு கட்டடங்கள் நாசம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகள், தேவாலயங்கள்... எதுவும் மிஞ்சவில்லை. பழைய நீதிமன்றக் கட்டடமும், தானியக் கோபுரமும் மட்டும் அடி வாங்கிக் கொண்டு நின்றன. 11 பேர் உயிரிழந்தார்கள். சங்கு ஊதாமல் இருந்திருந்தால், நிலவறைகள் இல்லாமல் இருந்திருந்தால், எத்தனை நூறு பேர் போயிருப்பார்களோ!

பெரிய கிணறு? மேலே இருந்த கட்டடம் நொறுங்கி விட்டது. ஆனால், கிணறு அப்படியே இருந்தது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த சுமார் 450 கிலோ விண்கல்லைக் காணோமே என்று தேடினார்கள். இடிபாடுகளுக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது!

கூடாரத்தில் கூடிய ஊர்

இப்போதுதான் பெரிய கேள்வி எழுந்தது. 'திரும்பக் கட்டுவதா? இல்லை, எல்லாரும் வேறு ஊருக்குப் போய் விடுவதா?'

போய் விடுவது சுலபம். ஏற்கெனவே ஆட்கள் குறைந்து கொண்டே வந்த ஊர்தானே! ஆனால், மக்கள் பெரிய கூடாரத்தில் கூடிப் பேசினார்கள். விவசாயி, கடைக்காரர், ஆசிரியர் என்று எல்லாரும் பேசினார்கள். கட்டுவது என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி, எப்படிக் கட்டுவது?

'எப்படியும் முதலிலிருந்து கட்டப் போகிறோம். காற்றையும் வெயிலையும் மழைநீரையும் பயன்படுத்தும் பசுமை ஊராகக் கட்டினால் என்ன?' என்றார்கள் சிலர். 'அதெல்லாம் பட்டணத்துக்காரர்கள் பேச்சு. செலவு யார் செய்வது?' என்று வேறு சிலர் முகம் சுளித்தார்கள். அப்போது ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிய வந்தது. நூறு வருடம் முன்பு இங்கே வந்த தாத்தா, பாட்டிகள் என்ன செய்தார்கள்? காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். மழைநீரைப் பிடித்து வைத்தார்கள். எதையும் வீணாக்கவில்லை. 'அதைத்தானே நாமும் செய்யப் போகிறோம்!' என்று சம்மதித்தார்கள்.

ஊரின் பெயரிலேயே 'கிரீன்', அதாவது 'பச்சை' இருப்பது இன்னொரு பொருத்தம். உண்மையில், குதிரை வண்டிப் போக்குவரத்து நடத்திய கிரீன் என்பவரின் பெயர்தான் ஊருக்கு வந்தது.

முதலில் பள்ளிக்கூடம்

வீடுகள் எழும்பும் வரை, பலரும் அரசு தந்த வண்டி வீடுகளில் குடியிருந்தார்கள். ஆனால், பள்ளி மட்டும் காத்திருக்கவில்லை. சுழற்காற்று அடித்து மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 2007ல், தற்காலிக வகுப்பறைகளில் பாடம் தொடங்கி விட்டது! பள்ளி இருந்தால்தான் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் திரும்பி வரும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். மாணவர்களும் பசுமை மன்றம் அமைத்து, ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்து தங்கள் கருத்தைச் சொன்னார்கள்.

டிசம்பர் 2007ல் ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டது. 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட ஊராட்சிக் கட்டடங்கள் எல்லாம் 'பிளாட்டினம்' தரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் மதிப்பெண்களில் இதுதான் உச்சம். இப்படித் தீர்மானம் போட்ட முதல் அமெரிக்க ஊர் இதுதான்.

2008ல், கான்சஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கலைக்கூடத்தை வடிவமைத்து, தங்கள் கையாலேயே கட்டித் தந்தார்கள். அதன் பெயர் '5.4.7'. சுழற்காற்று வந்த தேதியை அமெரிக்க வழக்கப்படி எழுதினால், மாதம் முதலில் வரும் அல்லவா? அதுதான் இது.

2010ல் புதிய பள்ளியும் புதிய ஆஸ்பத்திரியும் திறந்தார்கள். பள்ளி வகுப்பறைகளில் பகல் வெளிச்சம் தாராளமாக வரும். பூமிக்கு அடியில் குழாய் பதித்து, அங்குள்ள சீரான வெப்பநிலையைக் கொண்டே கட்டடத்தைக் குளிர வைக்கிறார்கள், சூடாக்குகிறார்கள். மழைநீரையும் சேமிக்கிறார்கள். பள்ளியின் பெயரைக் கவனியுங்கள். 'கயோவா கவுண்டி பள்ளி'. ஓர் ஊரின் பெயர் இல்லை. சுற்று வட்டாரப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பொதுப் பள்ளி.

அதே ஆண்டில் ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகளும் சுழல ஆரம்பித்தன. மொத்தம் 12.5 மெகாவாட். ஊரின் தேவையை விடப் பல மடங்கு! ஊரை அழித்ததும் காற்று. ஊருக்கு விளக்கேற்றியதும் காற்று!

நூலகம், அருங்காட்சியகம், மாணவர்கள் வீடியோ எடுக்கக் கற்கும் ஊடக மையம், விவசாய ஆலோசனை அலுவலகம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டாமல், 'காமன்ஸ்' என்ற ஒரே கட்டடத்தில் வைத்தார்கள். செலவும் மிச்சம், ஆட்கள் சந்தித்துப் பேசவும் வசதி. 2012ல் பெரிய கிணற்றுக்கும் புதிய அருங்காட்சியகம் கிடைத்தது. விண்கல்லும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பி வராதவர்கள்

எல்லாம் சுபம் என்று கதையை முடித்து விடலாம். ஆனால், உண்மை அப்படி இல்லை.

2000ல் கிரீன்ஸ்பர்க்கில் 1,574 பேர் இருந்தார்கள். 2010ல் 777 பேர். 2020ல் 740 பேர். பாதிக்கு மேல் குறைந்து விட்டது! வயதானவர்கள் பலருக்கு மறுபடி வீடு கட்டத் தெம்பில்லை. வாடகைக்கு இருந்தவர்களுக்கு, திரும்பி வந்தால் குடியிருக்க மலிவான வீடு இல்லை. சிலர் வேறு ஊரில் வேலை தேடிக் கொண்டு விட்டார்கள். பசுமை ஊரைப் பார்க்கப் பலரும் வந்தார்கள். ஆனால், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குடியேறி விடுவார்களா, என்ன?

அப்படியானால், இத்தனை பாடுபட்டது வீணா?

யோசித்துப் பாருங்கள். ஊர் இல்லாமல் போயிருந்தால், கவுண்டி முழுவதற்கும் ஆஸ்பத்திரி தூரமாகப் போயிருக்கும். வயல் நடுவே வசிக்கும் குழந்தை, பள்ளிக்கூடத்துக்கு இன்னும் எத்தனையோ மைல் போக வேண்டியிருக்கும். இந்த 740 பேர் திரும்பக் கட்டியது தங்களுக்காக மட்டும் அல்ல; 2,460 பேருக்காக!

ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் ஊரை எடை போட முடியாது, குழந்தைகளே. கூட்டம் போட்டால் எத்தனை பேர் வருகிறார்கள், முடிவெடுத்தால் எத்தனை பேர் தோள் கொடுக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் கயோவா கவுண்டி பெரிய ஊர்தான்!

அடுத்த முறை உங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம் நடந்தால், அப்பா, அம்மாவோடு நீங்களும் போய் உட்கார்ந்து பாருங்களேன்!

துளித் துளியாய்...

* கிரீன்ஸ்பர்க்கைத் தாக்கியதுதான், 2007ல் நடைமுறைக்கு வந்த புதிய அளவுகோலின்படி 'ஐந்து' என்ற உச்சபட்சத் தரம் பெற்ற முதல் சுழற்காற்று.

* ஹாவிலண்ட் சின்ன ஊர்தான். ஆனால், அங்கே பார்க்லே என்ற கல்லூரி இருக்கிறது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கியது.

* மல்லின்வில் ஊர்ச் சாலையோரத்தில், பழைய இரும்புச் சாமான்களால் செய்த வேடிக்கையான உருவங்கள் நின்று வரவேற்கும். இவற்றைச் செய்தவர் எம்.டி.லிகெட் என்ற விவசாயி. 2017ல் காலமானார்.

* கவுண்டியின் மக்கள்தொகை 2000ல் 3,278; 2010ல் 2,553; 2020ல் 2,460.